ஊதா மையில் எழுதலாமா?

நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கைப் பார்த்திருக்கிறீர்களா? மங்குஸ்தீன் தோலை நசுக்கிச் சுளையைத் தின்றுவிட்டு, கையைச் சட்டையில் துடைத்து, வீட்டில் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? கறுப்பும் இல்லை, நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை. மூன்றும் கலந்து இருண்டு நிற்கும் அந்த ஊதா நிறத்துக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் பேத்தி, தீபாவளிக்குக் கிள்ளானுக்கு வந்தபோது அந்த நிறத்தில் ஒரு மைப்புட்டியும், புதிதாக ஒரு மைப்பேனாவும் கொண்டுவந்தாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் மறுபடியும் மைப்பேனாவைத் தேடிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

"தாத்தா, ஒரே கடையில பத்துப் பன்னிரண்டு ஊதா இருக்கு. ஒண்ணொண்ணும் ஒரு மாதிரி. தினமும் எழுத எது நல்லதுன்னு தெரியல. நீங்கதான் பள்ளிக்கூடத்துல மைப்பேனாவிலேயே எழுதினவங்களாச்சே, சொல்லுங்க" என்றாள்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தேன்.

அப்பாவின் நோட்டு

என் தந்தையார் கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்கு வகுப்புப் படித்தவர். அதிகாலையில் பெரட்டுக்குப் போய், வெயில் ஏறியபின் பால் வாளியோடு திரும்பும் மனிதருக்கு எழுத்து வேலை எதற்கு என்று கேட்பீர்கள். ஆனால் அவரிடம் ஒரு பேனாவும் ஒரு நோட்டும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலை லயத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த நோட்டில் எழுதுவார். பிள்ளைகள் பிறந்த நாளும் நேரமும், ஊருக்கு அனுப்பிய பணம், கடைக்கணக்கு, சீட்டுக்கணக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் செய்தோம் என்பது வரை எல்லாம் அதில் இருக்கும். துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபின், மாதம் பத்து வெள்ளி கட்டிய கணக்கும் அதில் வரிசையாக ஏறியது.

கிள்ளான் கடைத்தெருவில் எந்த மை கிடைக்கிறதோ அதை வாங்கி வருவார். சில ஆண்டுகள் நீலக்கறுப்பு, சில ஆண்டுகள் ஊதா. அவருக்குப் பிடித்தது ஊதாதான். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்பார்.

தந்தையார் போனபின் அந்த நோட்டு என் தம்பி வீட்டில் இருந்தது. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்ததை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள். ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் கூரையைத் தொடும் அளவுக்கு மூழ்கின. தம்பி குடும்பம் உயிர் தப்பியதே பெரிய காரியம். வெள்ளம் வடிந்தபின் அலமாரியைத் திறந்தபோது, சேற்றுத் தண்ணீரில் ஊறிக் கிடந்தது நோட்டு.

தாள் தாளாகப் பிரித்து மின்விசிறிக் காற்றில் உலர்த்தினோம். அப்போதுதான் ஒரு வேடிக்கையைக் கண்டோம். வேடிக்கை என்று சொல்வதா, வேதனை என்று சொல்வதா? நீலக்கறுப்பில் எழுதிய பக்கங்கள் அழுக்கேறியிருந்தாலும் எழுத்து எழுத்தாக நின்றன. நான் பிறந்த நாளும் நேரமும் அப்படியே இருக்கின்றன. ஊதாவில் எழுதிய பக்கங்களோ, நாவற்பழத்தைத் தாளில் வைத்துத் தேய்த்ததுபோல் ஒரே கறை. ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

அந்த ஊதாப் பக்கம் ஒன்றில்தான் எனக்கு மூத்தவள் ஒருத்தியைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. எட்டு மாதத்தில் காய்ச்சலில் இறந்துபோன பெண். படம் கிடையாது. அவளை வைத்த தோட்டத்து இடுகாடும் இன்று இல்லை. பிறந்த தேதி, இறந்த தேதி, பெயர் ஆகிய மூன்றையும் தந்தையார் ஒரு வரியில் எழுதியிருந்தார். சிறுவனாக இருந்தபோது அந்த வரியைப் பலமுறை படித்திருக்கிறேன். பெயர் நினைவில் இருக்கிறது. தேதிகள் நினைவில் இல்லை.

"மை வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதே அம்மா. அந்த எழுத்து எத்தனை நாள் இருக்கவேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்" என்று பேத்தியிடம் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு சோதனையே செய்து பார்த்தோம். அதைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஊதா பிறந்த கதை

முதலில் இந்த நிறத்தின் பிறப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். தோட்டத்து மக்களாகிய நமக்கு அதில் ஒரு சம்பந்தம் உண்டு.

1856-ஆம் ஆண்டு, லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற பதினெட்டு வயது மாணவர், ஈஸ்டர் விடுமுறையில் தம் வீட்டுச் சிறு ஆய்வுக்கூடத்தில் ஒரு மருந்து செய்ய முயன்றார். அந்த மருந்து கொயினா. மலேரியாக் காய்ச்சலுக்கு அன்று அதைவிட்டால் வேறு கதியில்லை. சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கும் அதை, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்துவிடலாம் என்பது அவர் ஆசிரியர் ஹோப்மன் கொண்டிருந்த எண்ணம். கொயினா வரவில்லை. குடுவையில் கறுப்பு வண்டல்தான் தங்கியது. அதைச் சாராயத்தால் கழுவியபோது அழகான ஊதாச் சாயம் கரைந்து வந்தது. உலகின் முதல் செயற்கைச் சாயத் தொழில் அதிலிருந்துதான் கிளம்பியது.

அந்த மருந்து யாருக்கு வேண்டியிருந்தது? நம் முன்னோருக்குத்தான். டாக்டர் மால்கம் வாட்சன் 1901 ஜனவரியில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்தபோது, கிள்ளான் பட்டணமே மலேரியாவில் துவண்டு கிடந்தது. சதுப்பு நிலங்களை வடித்து, கொசு பெருகும் இடங்களை ஒழித்து, கிள்ளானையும் அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட துறைமுகத்தையும் அவர் காப்பாற்றினார். பிறகு அதே வேலை சுற்றிலுமிருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் பரவியது. காலைப் பெரட்டில் வரிசையாக நிற்கவைத்துக் கொயினா கொடுத்த கதையை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம்மவர் உயிரைக் காக்கும் மருந்தைத் தேடிப் போனவர் கையில் ஊதாச் சாயம் அகப்பட்டது என்பது விந்தையல்லவா?

1861-இல் சார்லஸ் லோத் என்ற பிரெஞ்சுக்காரர் மெதில் வயலட் என்ற இன்னும் ஆழ்ந்த ஊதாவைக் கண்டுபிடித்தார். இதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள், பெயர் மட்டும்தான் புதிது. குழந்தைக்கு வாய்ப்புண் வந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் பஞ்சில் தொட்டுத் தடவிய ஊதா மருந்து இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் காப்பிப் பென்சிலிலும் இதுவே இருந்தது. ரப்பர் முத்திரைக்கான மைப்பெட்டியில் இருந்ததும், பள்ளிக்கூடத்தில் சாராய வாசனையோடு வந்த ஊதா நிறக் கேள்வித்தாளில் இருந்ததும் இதுவே. ஒரு சிட்டிகை போட்டால் ஒரு வாளித் தண்ணீர் நிறம் மாறும். அவ்வளவு வீரியம். பிரான்சு நாட்டில் 1960-கள் வரை பள்ளிப் பிள்ளைகள் ஊதா மையில்தான் எழுதிப் பழகினார்கள்.

ஆனால் இதற்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று தண்ணீர், மற்றொன்று வெயில். சாயம் தண்ணீரில் கரைவதால்தான் அது மை ஆகிறது. தாளில் உலர்ந்தபின்னும் தண்ணீர் பட்டால் மறுபடி கரைந்து ஓடும். வெயில் பட்டாலோ நிறம் வெளுத்துவிடும். தந்தையாரின் நோட்டில் நடந்தது இதுதான்.

மாசிக்காய் செய்யும் மாயம்

அப்படியென்றால் நீலக்கறுப்பு ஏன் நின்றது? அதற்கான விடை நம் வீட்டு மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது.

கைக்குழந்தைக்கு உரை மருந்து உரைக்கும் தாய்மார்களுக்கு மாசிக்காயைத் தெரியும். பிரிக்பீல்ட்ஸ், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் வசம்பு, சாதிக்காய், கடுக்காய் ஆகியவற்றோடு சேர்த்து விற்பார்கள். மலாய்க்காரர்கள் மஞ்சாக்கானி என்று சொல்லிப் பிள்ளைபெற்ற தாய்க்கு மருந்தாக வைத்திருப்பார்கள். பெயரில் காய் என்றாலும் உண்மையில் அது காய் அல்ல. ஒருவகைக் குளவி ஓக் மரத்தில் முட்டையிட, அந்த இடம் வீங்கி உருண்டையாகும். அதில் துவர்ப்பு மிகுதி.

இந்தத் துவர்ப்புச் சாற்றோடு அன்னபேதி, அதாவது இரும்பு உப்பு, சேர்ந்தால் மை கிடைக்கும். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் படப்படக் கறுத்து, தாளின் நாரோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரால் அதைப் பிரிக்க முடியாது. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் கடிதங்களும் பத்திரங்களும் இந்த மையில்தான் எழுதப்பட்டன. நம் நாட்டுப்புறத்தில் மாசிக்காய்க்குப் பதில் கடுக்காயைப் பயன்படுத்தினார்கள். அரிவாள்மனையில் வாழைப்பூ நறுக்கினால் கை கறுக்கிறதே, அதிலும் துவர்ப்புக்குப் பங்கு உண்டு.

இங்கிலாந்தில் திருமணப் பதிவேடுகளை 2021 மே மாதம் கணினிக்கு மாற்றும் வரை, இந்த இரும்பு மையில்தான் கையெழுத்திட்டு வந்தார்கள். அந்தக் காலத்து நீலக்கறுப்பு மைகள் பலவற்றிலும் இரும்பு இருந்தது. என் பிறந்த நாள் பிழைத்ததும் அதனால்தான்.

இன்றைய கடைகளில் இரும்பு சேர்ந்த ஊதா மையும் கிடைக்கிறது என்பதே நல்ல செய்தி. நிறமும் வேண்டும், நிலைக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு வழி பிறந்துவிட்டது.

ஐந்து மைகள், மூன்று சோதனைகள்

பேத்தி ஐந்து மைகளைச் சேர்த்தாள். சில அவளுடையவை, சில தோழிகளிடம் கொஞ்சம் கடன் வாங்கியவை. விலை உயர்ந்த தாள் வேண்டாம் என்றேன். சாதாரணப் பள்ளி அப்பியாசப் புத்தகத்தில், சீனத்து மெல்லிய முனைப் பேனாவில், ஒரே வாக்கியத்தை ஐந்து மைகளிலும் எழுதினோம். மலிவான தாளில் மை கசிகிறதா என்பது முதல் சோதனை. ஒரு நாள் உலரவிட்டுத் தட்டுத் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்தது இரண்டாம் சோதனை. பாதி எழுத்தை அட்டையால் மறைத்துச் சன்னல் கண்ணாடியில் ஒரு மாதம் ஒட்டிவைத்தது மூன்றாம் சோதனை.

பெலிக்கான் 4001 வயலட்: ஜெர்மன் மை. கத்தரிப்பூ நிறம், மற்றவற்றைப்போல் அவ்வளவு இருட்டு இல்லை. விலை குறைவு. மலிவான தாளிலும் கசியாமல் ஒழுங்காக எழுதுகிறது. பேனாவைக் கழுவுவதும் சுலபம். ஆனால் தண்ணீரில் போட்டதும் எழுத்து மேகமாகிவிட்டது.

டயமைன் இம்பீரியல் பர்ப்பிள்: இங்கிலாந்து, லிவர்பூல் மை. பட்டுச்சேலை ஊதா, ஆழமும் பளபளப்பும் உள்ளது. ஐந்தில் கண்ணைப் பறித்தது இதுதான். மை கொஞ்சம் தாராளமாக ஓடுவதால் உலர நேரம் எடுக்கிறது. இடக்கைப் பழக்கமுள்ளவர் கையில் பூசிக்கொள்வார். தண்ணீரில் ஓடிவிட்டது. வெயிலிலும் மறைத்த பாதிக்கும் மறைக்காத பாதிக்கும் வேற்றுமை நன்றாகத் தெரிந்தது.

எர்பின் நிலாத்தூசி: பிரெஞ்சு மை. அதன் பிரெஞ்சுப் பெயருக்கு அதுதான் பொருள். சாம்பல் பூத்த நாவற்பழம் போன்ற அடங்கிய ஊதா. அலுவலகத்தில் எழுதினாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். சற்றுத் தள்ளிப் பார்த்தால் கறுப்பென்றே தோன்றும். மெல்லிய தாளில் சிறிது பரவுகிறது. தண்ணீருக்கு இதுவும் தாங்கவில்லை.

ரோரர் கிளிங்னர் ஸ்கபியோசா: 1892-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கிய கம்பெனியின் இரும்பு மை. ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். காய்ந்த கத்தரிப்பூப் போன்ற மங்கல் ஊதா. பளபளப்பு இல்லை. பள்ளித் தாளில் ஊசியால் கீறியதுபோல் தெளிவாக நின்றது, சீக்கிரம் உலர்ந்தது. தண்ணீரில் போட்டபோது ஊதாச் சாயம் கொஞ்சம் கழன்று ஓடியது. அடியில் சாம்பல் நிறத்தில் ஒவ்வோர் எழுத்தும் அப்படியே இருந்தது.

பிளாட்டினம் லாவண்டர் பிளாக்: ஜப்பானிய இரும்பு மை, 2017-இல் வெளிவந்த வரிசையைச் சேர்ந்தது. எழுதும்போது இளம் ஊதா. தேநீர் ஆற்றிக் குடிப்பதற்குள் இருளத் தொடங்கி, நேரம் ஆக ஆகக் கறுப்புக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. பிள்ளைகளுக்கு இதைப் பார்ப்பதே ஒரு விளையாட்டு. தண்ணீரிலும் எழுத்துப் படிக்கும்படி நின்றது. குறை என்னவென்றால், விலை கூடுதல்.

வெயில் சோதனையில் இரும்பு மைகளும் ஊதாவை இழக்கத்தான் செய்தன. எழுத்தை இழக்கவில்லை. மனிதனுக்கு வயதாகி மேனி நிறம் மங்கினாலும் எலும்பு நிற்கிறதே, அதுபோல.

இந்த ஐந்தைத் தவிர நிறமித் துகள் கலந்த மை என்று ஒரு வகை உண்டு. அதில் சாயம் கரைந்திருப்பதில்லை. மிக நுண்ணிய வண்ணத் தூள் மிதக்கிறது. நம் முன்னோர் ஓலையில் கீறிய எழுத்துக்கு விளக்குக் கரியைத் தடவினார்களே, அந்தக் கரியும் இந்தச் சாதிதான். உலர்ந்தபின் தண்ணீருக்கு அசையாது. ஜெர்மனியின் டி ஆட்ராமென்டிஸ், ஜப்பானின் செய்லர் ஆகிய கம்பெனிகள் இவ்வகையில் ஊதாவும் செய்கின்றன. ஆனால் பேனாவிலேயே உலரவிட்டால் பேனா அடைத்துக்கொள்ளும். தினமும் எழுதுபவருக்கே இது ஏற்றது.

எதற்கு எந்த மை?

ஒரே ஒரு மைதான் நல்லது, மற்றதெல்லாம் கெட்டது என்று நான் சொல்லவரவில்லை. உடுத்தும் சேலையில் வேலைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோமே, அதுபோல மையையும் பிரித்துக்கொள்ளலாம்.

வகுப்பில் எடுக்கும் குறிப்பு, கடைக்குப் போகும் சாமான் பட்டியல், கோலம் வரைந்து பார்ப்பது, கையெழுத்துப் பயிற்சி, தோழிக்கு வாழ்த்து ஆகியவற்றுக்குப் பிடித்த ஊதாவைப் பிடித்தபடி பயன்படுத்துங்கள். விலை குறைந்ததே போதும். சாதாரணமாக ஒரு பேனா ஒருமுறை குடிக்கும் மை 1 மில்லிலிட்டர் அளவுதான். 30 மில்லிலிட்டர் புட்டி ஏறக்குறைய முப்பது முறை நிரப்ப வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிள்ளைகள் எறியும் பந்துமுனைப் பேனாக்களைவிட ஒன்றும் பெரிய செலவில்லை.

குடும்பக் கணக்கு, சீட்டு நோட்டு, மொய் நோட்டு, பிறப்பு இறப்புக் குறிப்பு, குலதெய்வத்தின் பெயர், ஊரில் உள்ள பங்காளிகளின் விலாசம் ஆகியவற்றை இரும்பு மையிலோ நிறமி மையிலோ மட்டும் எழுதுங்கள். ஊதாதான் வேண்டுமென்றால் ஊதாவிலேயே அந்த வகை இருக்கிறதே!

அரசாங்கப் பாரம், பேங்குப் பாரம், பரீட்சைத் தாள் இவற்றில் ஊதா வேண்டாம். பெரும்பாலும் கறுப்பு அல்லது நீலம் என்று பாரத்திலேயே எழுதியிருப்பார்கள். ஆசைப்பட்டு எழுதிவிட்டு இன்னொரு நாள் லீவு போட்டு அலைய நேரும்.

சில எச்சரிக்கைகள்

இரும்பு மையைப் பேனாவில் ஊற்றி மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். அதில் கொஞ்சம் அமிலம் உண்டு. உலர்ந்தால் உள்ளே வண்டல் படியும். மாதம் ஒருமுறை பச்சைத் தண்ணீரில் கழுவினால் போதும். வெந்நீர் கூடாது.

இரண்டு மைகளை ஒன்றாகக் கலக்கக்கூடாது. குறிப்பாக இரும்பு மையை மற்றதோடு கலந்தால் பால் திரிவதுபோல் திரிந்து பேனாவை அடைத்துவிடும்.

வெள்ளைப் பள்ளிச் சட்டையில் இரும்பு மை கொட்டிவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தேய்த்து, நன்றாக அலசுங்கள். சாய ஊதாவாக இருந்தால் உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசுவதே நல்லது. காயவிட்டால் மங்குஸ்தீன் கறைதான்.

எழுதும் பொருளை வாயில் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளிடம் நிறுத்துங்கள். நாம் காப்பிப் பென்சிலை நக்கி எழுதினோம். வாய்ப்புண்ணுக்கு ஊதா மருந்தும் தடவினோம். அந்த மருந்தால் புற்றுநோய் அபாயம் இருக்கலாம் என்று கனடா நாட்டுச் சுகாதாரத் துறை 2019-இல் எச்சரித்திருக்கிறது.

கடைசியாக, எவ்வளவு நல்ல மையாக இருந்தாலும் நோட்டைத் தரைமட்ட அலமாரியில் வைக்காதீர்கள். நல்ல பிளாஸ்டிக் பையில் போட்டு உயரத்தில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். இதை நான் 2021-க்கு முன்பே செய்திருக்கவேண்டும்.

மறுபடியும் எழுதினோம்

அடையாளக் கார்டு நனைந்தாலும், பிறப்புப் பத்திரம் தொலைந்தாலும் தேசியப் பதிவு இலாகாவில் மாற்று எடுத்துக்கொள்ளலாம். தந்தை கைப்பட எழுதிய நோட்டுக்கு எந்த இலாகாவில் மாற்றுக் கிடைக்கும்? சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாகிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலமாகிவிட்டது. லயம் நின்ற இடத்தில் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் வந்துவிட்டன. அங்கே பிறந்து வளர்ந்து உழைத்து மறைந்தவர்களின் கதையில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. அது நம் வீட்டு நோட்டுகளில்தான் இருக்கிறது. அந்த நோட்டுகளும் போய்விட்டால் வேறு சாட்சி இல்லை.

சோதனை எல்லாம் முடிந்தபின் பேத்தி ஒரு தடித்த நோட்டு வாங்கி வந்தாள். பேனாவில் ஸ்கபியோசாவை நிரப்பினாள். தந்தையாரின் பக்கங்களில் படிக்க முடிந்ததை எல்லாம் நான் சொல்லச்சொல்ல அவள் எழுதினாள். சீட்டுக்கணக்கையும் விடவில்லை. படிக்க முடியாதவற்றில் எனக்கும் தம்பிக்கும் நினைவிருந்ததைச் சேர்த்தோம். அவளுக்குத் தெரியாத பெயர்கள் வரும்போதெல்லாம் பேனாவை நிறுத்தி, "இது யார் தாத்தா?" என்று கேட்டாள். அதனால் ஒரு நாளில் முடியவேண்டிய வேலை மூன்று வார இறுதிகள் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

என் அக்காளின் வரி வந்தபோது பேனாவை நானே வாங்கிக்கொண்டேன். பெயரை எழுதினேன். "பிறந்தது", "இறந்தது" என்று இரண்டு சொற்களை எழுதி, அவற்றின் எதிரே இடம் விட்டேன். அந்தத் தேதிகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் அந்த இடத்தில் அதே மையால் எழுதுவேன். என்னால் முடியாவிட்டால் பேத்தி எழுதுவாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கும். இன்று மாலை அதை எடுத்து, எந்த மையில் எழுதியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.